தேநீரின் தரமும் குவளையின் சாதியும்

ருசி என்பது நாக்கின் சொந்த விஷயம், அதில் விவாதிக்க ஒன்றுமில்லை என்றொரு வாதம் உண்டு. 'எனக்குப் பிடிச்சிருக்கு, குடிக்கிறேன், உனக்கென்ன?' கடலூரிலிருந்து சிதம்பரம் வரை கடை கடையாகக் குடித்துத் தேநீருக்கு மதிப்பெண் போடுகிறவன் என்கிற முறையில், இந்த அப்பாவித்தனத்தைக் கொஞ்சம் கட்டுடைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

தேயிலை வணிகத்தின் சொல்லாடலில் ஆரஞ்சு பெக்கோ, பிஓபி, ஃபேனிங்ஸ், டஸ்ட் என்றொரு படிவரிசை இருக்கிறது. ஆரஞ்சு பெக்கோவில் ஆரஞ்சு வாசனை கிடையாது. இவை பெரும்பாலும் சலித்துப் பிரித்த இலையின், துகளின் அளவைக் குறிக்கும் பெயர்கள். ஆனால் அளவு மதிப்பாக வாசிக்கப்படுகிறது: முழு இலை உசத்தி, தூள் மட்டம். நம்ம டீக்கடைகளில் பெரும்பாலும் இறங்குவது இந்த டஸ்ட்தான். 1930களில் அஸ்ஸாமில் உருவான சி.டி.சி. எந்திரம் இலையை நசுக்கி, கிழித்து, சுருட்டிக் குருணையாக்கியது. சாயம் சீக்கிரம் இறங்கும், கிலோவுக்கு அதிகக் குவளை தேறும். வேலைக்கு நடுவே நின்றபடி குடித்துவிட்டு ஓடுகிறவருக்கு இதுதான் தேநீர். மட்டம் என்று தீர்ப்புச் சொல்வது யாருடைய நாக்கு?

என் அளவுகோலில் நான்கு: சாயம், பால், சூடு, மாஸ்டரின் ஆற்றல் (கை ஆற்றுவதைச் சொல்கிறேன்). டிகாஷன் தூக்கலாக, பால் சற்றுப் பின்வாங்கி, துவர்ப்பு நாக்கில் ஒட்ட வேண்டும். துவர்ப்பு வேறு, காலையில் போட்ட தூளை மத்தியானம் வரை பிழிந்த கசப்பு வேறு. ஆனால் கடலூர் முதுநகரில் மூட்டை இறக்குகிறவர் 'ஸ்ட்ராங்கா, சக்கரை தூக்கலா' என்பதையும், சிதம்பரம் கீழவீதியில் ஒருவர் 'லைட்டா, சக்கரை கம்மியா' என்பதையும் வெறும் இரண்டு ருசிகளாக எடுத்துக்கொள்ள முடியாது. அங்கே பேசுவது உழைக்கும் உடலும் உட்கார்ந்த உடலும்.

தேநீரை ஒப்பிட்டுச் சுவைப்பதற்கென்றே 1980இல் ஐஎஸ்ஓ 3103 என்ற சர்வதேசத் தரநிர்ணயம் வந்தது. 100 மில்லி தண்ணீருக்கு 2 கிராம் தேயிலை, 6 நிமிடம் ஊறல், பாத்திரம் வெள்ளைப் பீங்கான் அல்லது மெருகிட்ட மண். இலைகளுக்கிடையிலான வித்தியாசம் தெரிய வேண்டுமானால் மற்றதெல்லாம் ஒன்றுபோல் இருக்க வேண்டும் என்பது இதன் தர்க்கம். கோப்பை மாறினால் தீர்ப்பும் மாறும் என்பது சோதனைச்சாலைக்கே தெரிந்திருக்கிறது. சாதிச் சமூகம் இதைத் தலைகீழாக்கியது: ஒரே பாய்லர், ஒரே தூள், ஒரே பால், குவளை மட்டும் வேறு.

பொது உணவகத்துப் பாத்திரத்தை ஒருவர் பயன்படுத்தவிடாமல் தீண்டாமையின் பேரால் தடுப்பது குற்றம் என்று 1955ஆம் ஆண்டுச் சட்டமே சொல்லிற்று. 1952இல் கடலூரிலிருந்து மக்களவைக்குப் போன எல். இளையபெருமாள் தலைமையிலான குழு, நாடெங்கும் தீண்டாமை நீடிப்பதை 1969இல் அறிக்கையாக வைத்தது. அதற்குப் பிறகும் இரட்டைக் குவளை ஒழிந்துபோகவில்லை. சிலருக்குக் கண்ணாடி, சிலருக்குத் தூக்கியெறியும் கப் என்று உருமாறவும் செய்தது. சுகாதாரம் என்ற சொல்லுக்குப் பின்னால் சாதி ஒளிந்துகொள்ள வசதியான இடம் இது.

'ருசிக்குள்ள அரசியலைக் கொண்டாராதீங்க' என்பார்கள். நாம் கொண்டுவரவில்லை, குவளையிலேயே அது இருந்தது. எனவே குவளையை ஐந்தாவது அம்சமாகச் சேர்த்துக் கூட்டிக் கழிக்க முடியாது. மற்ற நான்கையும் அளப்பதற்கே அது முன்நிபந்தனை. ஆளுக்கொரு குவளை வைத்திருக்கும் கடை எவ்வளவு மணக்க ஆற்றினாலும் என் நோட்டில் பூஜ்யம்தான். 'டீ நல்லாத்தானே இருக்கு' என்று ஒருவர் சொன்னால், அவர் கையில் எந்தக் குவளை இருக்கிறது என்று பார்த்துவிட்டு அந்த வாக்கியத்தை வாசிப்போம்.