'அப்ஹார்' என்னும் வினைச்சொல்லும் யோபுவின் வாக்கும்

ஆங்கில வேதாகமத்தைத் துணைக்கொண்டு அருளுரை ஆயத்தம் செய்வோர் அடிக்கடி எதிர்ப்படும் சொற்களுள் 'அப்ஹார்' என்பது ஒன்று. விலகுதலைக் குறிக்கும் முன்னொட்டும், மயிர் சிலிர்த்து நடுங்குதலைக் குறிக்கும் இலத்தீன் வினையும் கூடிப் பிறந்தது இச்சொல். ஆதலின், வெறும் வெறுப்பையன்று, உடல் கூசிப் பின்வாங்கும் அருவருப்பையே அது முதற்கண் உணர்த்திற்று. இற்றை ஆங்கிலத்தில் அக்கூச்சம் பெரிதும் தேய்ந்து, கொடுமை, வஞ்சகம் போன்றவற்றின்மேல் கொள்ளும் ஒழுக்கச் சினத்திற்கே அது மிகுதியும் வழங்குகிறது.

1611ஆம் ஆண்டின் ஆங்கிலத் திருப்புதல் எபிரெய வினைகள் பலவற்றை இவ்வொரு சொல்லால் பெயர்த்தது. அவற்றுள் யோபு 42:6இல் வரும் 'மாஅஸ்' நம்மைத் தடுத்து நிறுத்துகிறது. தள்ளுதல், மறுத்தல், அற்பமாயெண்ணுதல் என்பனவே அதன் பொருள். எதைத் தள்ளுகிறான் என்று யோபு சொல்லவில்லை. அவ்விடத்தில் செயப்படுபொருளே இல்லை. 'என்னை' என்பதை மொழிபெயர்ப்பாளரே சேர்த்தனர். அவர்களே 7:16இல், இதே வினை இவ்வாறே தனித்து நிற்கையில், 'அதை' என்று சேர்த்து, யோபு தன் வாழ்நாளையே வெறுத்ததாகக் கொண்டனர்!

பழி முழுவதையும் அவர்கள்மேல் சுமத்துதல் நேர்மையாகாது. கிரேக்க எழுபதின்மர் திருப்புதலிலேயே 'என்னை' உண்டு. இலத்தீன் வுல்காத்தாவிலும் உண்டு. ஆனால் வுல்காத்தாவின் வினை கடிந்துகொள்ளுதல் மட்டுமே. அதை அருவருப்பாக உயர்த்தியது ஆங்கிலம். ஹென்றி பவர் ஐயர் தலைமையில் 1871இல் வெளிவந்த நம் தமிழ்த் திருப்புதலும் அவ்விடத்தில் 'அருவருத்து' என்றே கூறுகிறது. அதே திருப்புதல் ரோமர் 12:9இல் தீமையைக் குறித்து 'வெறுத்து' என்பதோடு நின்றுவிடுவது வியப்பே. புதிய ஏற்பாட்டில் அங்கு மட்டுமே காணப்படும் அக்கிரேக்க வினை அதனினும் கடியது. தீமைக்கு வெறுப்பும் யோபுவுக்கு அருவருப்பும் வாய்த்தன.

1985இல் முழுமையாக வெளிவந்த அமெரிக்க யூதத் திருப்புதல், யோபு தன் சொற்களைத் திரும்பப் பெறுவதாகக் கொள்கிறது. குஸ்தாவோ குத்தியேரஸ் 1986இல் எழுதிய நூலிலோ, யோபு துறப்பது தூளையும் சாம்பலையுமே, அதாவது தன் புலம்பல் நிலையையே. இவற்றுள் எது சரியென முடிவுகட்ட நாம் முற்படவில்லை. எனினும், தன்னைக் குறித்து யோபு நிதானமாய்ப் பேசினான் என்று அடுத்த வசனத்திலேயே கர்த்தர் சான்று பகருகையில், அவன் தன்னையே அருவருத்தான் என்பது பொருந்துமாறு நமக்கு விளங்கவில்லை.

இது இலக்கண வாதம் மட்டுமன்று. தலைமுறைதோறும் பிறரால் அருவருக்கப்பட்டுத் தெருவுக்கு வெளியே நிறுத்தப்பட்ட மக்கள் நம் ஆலயங்களில் அமர்ந்திருக்கின்றனர். அவர்களை நோக்கி, 'யோபுவைப்போல் உங்களை அருவருங்கள்' என்று முழங்கும் பிரசங்கங்களை நாமும் கேட்டிருக்கிறோம். இளமையில் நாமே அவ்வாறு பிரசங்கித்ததும் உண்டு. சங்கீதம் 22:24 அன்று நம் நினைவுக்கு வரவில்லை. லேவியராகமம் 11 தீட்டான உயிரினங்களுக்கு வழங்கும் எபிரெய வினையையே அங்குச் சங்கீதக்காரன் எடுத்தாண்டு, உபத்திரவப்பட்டவனிடம் தேவன் அவ்வாறு நடந்துகொள்ளவில்லை என்கிறான். தமிழில் அங்கு 'அருவருத்தல்' மிகச் சரியாகவே அமைந்துள்ளது.

அடுத்த திருத்தத்தில் யோபு 42:6இன் 'என்னை' மூலத்தில் இல்லை என்று ஓர் அடிக்குறிப்பேனும் சேர்க்கப்படவேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறோம்.