அறத்துக்கு வரி உண்டா? இலங்கையும் இந்தியாவும்

“இது டிரஸ்ட்தானே, இதற்கு ஏன் வரி?” என்று தமிழ்நாட்டில் கேட்பார்கள். “நாங்கள் இலாபம் எடுக்கிறதில்லையே, எங்களுக்கு ஏன் இறைவரிக் கோப்பு?” என்று யாழ்ப்பாணத்துச் சனசமூக நிலையத்திலும் பழைய மாணவர் சங்கத்திலும் கேட்பார்கள். நல்ல காரியத்துக்கென்று ஓர் அமைப்பைப் பதிவுசெய்துவிட்டால் வரி தானாக விலகிவிடும் என்ற நம்பிக்கைதான் இரண்டு கேள்விக்கும் அடிப்படை. இரு நாட்டுச் சட்டமும் அப்படிச் சொல்லவில்லை.

தொண்டு அமைப்பு நடத்துபவரும் அதற்குப் பணம் கொடுப்பவரும் மூன்று கேள்விகளைத் தனித்தனியே கேட்டுக்கொள்ள வேண்டும். அமைப்பு எந்தச் சட்டத்தின்கீழ் உருவானது? அதன் சொந்த வருமானத்துக்கு வரி உண்டா? அதற்குக் கொடுப்பவருக்கு வரிச்சலுகை உண்டா? முதல் கேள்விக்குச் சாதகமான பதில் கிடைத்தால் மற்ற இரண்டுக்கும் அதுவே பதில் என்று எடுத்துக்கொள்ள முடியாது. இந்தக் குழப்பத்தால் அபராதம் கட்டிய சங்கங்களும் உண்டு, சலுகையை இழந்த கொடையாளிகளும் உண்டு.

ஒரே தீர்ப்பின் வழி வந்தவை

‘தருமம்’ எது என்று வரிச்சட்டத்துக்காக வரையறுத்த பெருந்தீர்ப்பு 1891இல் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை வழங்கிய பெம்செல் வழக்குத் தீர்ப்பு. வறுமை தீர்த்தல், கல்வி, சமயம், சமூகத்துக்குப் பயன்தரும் பிற நோக்கங்கள் என்று நான்கு தலைப்புகளை அது வகுத்தது. பிரித்தானிய ஆட்சியில் இருந்த இரு நாடுகளும் இந்தச் சிந்தனையைத்தான் எடுத்துக்கொண்டன, ஆனால் ஒரே மாதிரி எடுத்துக்கொள்ளவில்லை.

இலங்கையின் 2017ஆம் ஆண்டு 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டம் சமயத்தை வளர்த்தலையும் பொது வழிபாட்டிடங்களின் நிருவாகத்தையும் தரும நோக்கத்துக்குள்ளேயே வைத்திருக்கிறது. இந்தியாவின் 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டமோ சமயத்தைத் தரும நோக்கத்தின் வரையறையிலிருந்து வெளியே எடுத்து, ‘அற நோக்கம் அல்லது சமய நோக்கம்’ என இரண்டாகப் பிரித்துவிட்டது. ஏழைகளுக்கு உதவி, கல்வி, மருத்துவம், யோகா, சுற்றுச்சூழல், தொல்சின்னங்களின் பாதுகாப்பு ஆகியவை அற நோக்கப் பட்டியலில் உள்ளன. இறுதியில் ‘பொதுநலன் தரும் பிற நோக்கங்கள்’ வருகின்றன. இந்தக் கடைசி வகையில் வருபவர்கள் வணிகம்போல் ஏதேனும் செய்தால் அந்த வரவு மொத்த வரவில் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது.

இந்தப் பிரிப்புக்கு நடைமுறை விளைவு உண்டு. ஏழை மாணவர்க்கு உதவித்தொகை தரும் அறக்கட்டளை, குறிப்பிட்ட ஒரு சாதிக்கோ மதத்தவர்க்கோ மட்டும் என்று தன் ஆவணத்தில் எழுதிக்கொண்டால் இந்தியாவில் விலக்கை இழக்கும். 1962 ஏப்ரல் 1க்குப் பின் தொடங்கியவற்றுக்கு இந்த விதி. பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், பெண்கள், குழந்தைகளுக்கான அறக்கட்டளைகளுக்கு இந்தத் தடை இல்லை. தமிழ்நாட்டில் சமுதாய அறக்கட்டளைகள் ஏராளம் என்பதால், ஆவணம் எழுதும் நாளிலேயே கவனிக்க வேண்டிய வாசகம் இது.

எந்தச் சட்டத்தின்கீழ்?

தமிழ்நாட்டில் மூன்று வழிகள் உள்ளன. சார்பதிவாளர் அலுவலகத்தில் ஆவணம் பதிந்து அறக்கட்டளை தொடங்கலாம். குறைந்தது ஏழு பேர் சேர்ந்து 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி மாவட்டப் பதிவாளரிடம் சங்கமாகப் பதியலாம். 2013ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின் 8ஆம் பிரிவில் இலாபம் பங்கிடாத கம்பெனி அமைக்கலாம்.

இலங்கையில் வழிகள் இன்னும் சிதறிக் கிடக்கின்றன. 1917ஆம் ஆண்டின் நம்பிக்கைப் பொறுப்புகள் கட்டளைச் சட்டம், 1891ஆம் ஆண்டின் சங்கங்கள் கட்டளைச் சட்டம், 2007ஆம் ஆண்டுக் கம்பனிகள் சட்டத்தின்கீழ் உத்தரவாதத்தால் வரையறுக்கப்பட்ட கம்பனி, 1980ஆம் ஆண்டின் தன்னார்வ சமூக சேவை அமைப்புகள் சட்டம் என்று ஒவ்வொன்றும் ஒரு வாசல். இந்தியாவில் அரிதான இன்னொரு வழி இலங்கையில் வழக்கமாகவே உள்ளது. உறுப்பினர் ஒருவர் தனிநபர் மசோதா கொண்டுவர, பாராளுமன்றமே ஓர் அமைப்பைச் சட்டத்தால் கூட்டிணைக்கிறது. சர்வோதய சிரமதான சங்கம் 1972இல் அப்படித்தான் சட்ட உருவம் பெற்றது.

கோயில் நிருவாகத்திலும் வேறுபாடு பெரிது. தமிழ்நாட்டில் 1959ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்து சமய அறநிலையத் துறை கோயில்களை மேற்பார்க்கிறது. இலங்கையின் இந்துக் கோயில்கள் பெரும்பாலும் தர்மகர்த்தாக்களின் பொறுப்பில் இருக்கின்றன. பிணக்கு வந்தால் மாவட்ட நீதிமன்றத்துக்குப் போகிறார்கள்.

அமைப்பின் வருமானத்துக்கு வரி

இரு நாடுகளின் மனப்போக்கும் இங்கேதான் தெளிவாகத் தெரிகிறது. இந்தியா செலவைப் பார்க்கிறது. வருமான வரித் துறையில் தனியாகப் பதிவு பெற்ற அமைப்பு, ஆண்டு வருமானத்தில் 85 சதவீதத்தை அற நோக்கத்துக்குச் செலவிட்டால் அந்த வருமானத்துக்கு வரி இல்லை. 15 சதவீதத்தைச் சேமிக்கலாம். அதற்கு மேலும் சேர்க்க வேண்டுமென்றால் நோக்கத்தைக் குறிப்பிட்டு ஐந்தாண்டுக்குள் செலவிட வேண்டும். நிறுவியவருக்கோ அறங்காவலரின் உறவினருக்கோ ஆதாயம் போனால் விலக்கு பாதிக்கப்படும். 2021 முதல் இந்தப் பதிவு நிரந்தரமானதும் அல்ல. முதலில் மூன்றாண்டுத் தற்காலிகப் பதிவு, பின் ஐந்தாண்டுப் பதிவு. ஆண்டு வருமானம் 5 கோடிக்குள் இருக்கும் சிறிய அமைப்புகளுக்கு அதைப் பத்தாண்டாக நீட்டியது 2025ஆம் ஆண்டு நிதிச் சட்டம் தந்த நல்ல மாற்றம். 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்துக்கு வருவதால் பிரிவு எண்கள் மாறுகின்றன. ஆனாலும் ஆடிட்டர்களின் பேச்சில் அமைப்பின் பதிவைக் குறிக்கும் ‘12ஏ’யும் கொடையாளியின் கழிவைக் குறிக்கும் ‘80ஜி’யும் இன்னும் நெடுநாள் இருக்கும்.

இலங்கை, அமைப்பு எந்த வகையைச் சேர்ந்தது என்று பார்க்கிறது. தரும நிறுவனத்துக்கு முழு விலக்கு இல்லை, சலுகை வீதம்தான் உண்டு. அதன் வரிக்குரிய வருமானத்துக்கு 14 வீதம். சாதாரணக் கம்பனிக்கு 30 வீதம் என்பதால் இது பாதிக்கும் குறைவு. ஆனாலும் சிறிய தரும நிறுவனத்துக்கு 14 வீதம் சிறிய தொகை அல்ல.

அரசசார்பற்ற நிறுவனத்துக்குக் கணக்கே வேறு. அதற்கு வரும் மானியம், நன்கொடை ஆகியவற்றில் 3 வீதம் இலாபமாகக் கருதப்பட்டு அந்தத் தொகைக்கு வரி விதிக்கப்படுகிறது. ஒரு கோடி ரூபாய் வந்தால் 3 இலட்சம் இலாபம் என்று கொள்ளப்படும். 30 வீத வரியில் 90,000 ரூபாய் கட்ட வேண்டும். இடம்பெயர்ந்தோரின் மறுவாழ்வு, வாழ்வாதார உதவி, மனிதாபிமான நிவாரணம் போன்ற பணிகளுக்கு வந்த பணமென்றால் உள்நாட்டு இறைவரி ஆணையாளர் நாயகம் இந்த வரியைக் குறைக்கலாம், நீக்கவும் செய்யலாம். போரும் ஆழிப்பேரலையும் கண்ட நாட்டில் இந்த விதிவிலக்கு இருப்பது நியாயம். ஆனால் அது தானாகக் கிடைக்காது, கேட்டுப் பெற வேண்டும்.

கொடுப்பவருக்கு என்ன?

இந்தியாவில் 80ஜி அங்கீகாரம் பெற்ற பெரும்பாலான அமைப்புகளுக்குக் கொடுப்பதில் பாதி கழிவாகிறது. ஒரு லட்சம் கொடுத்தவருக்கு 50,000 ரூபாய் கழிவு, அதுவும் மொத்த வருமானத்தின் 10 சதவீத வரம்புக்குள். பிரதமரின் தேசிய நிவாரண நிதி போன்ற சிலவற்றுக்கு முழுத்தொகையும் கழிவாகும். ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் கழிவே இல்லை. ஒன்றைப் பலர் கவனிப்பதில்லை: புதிய வரி முறையைத் தேர்ந்தவருக்கு 80ஜி கழிவு கிடையாது. 2023-24 முதல் அதுவே இயல்பான முறை. இரசீது கையில் இருந்தும் பயன் இல்லாமல் போகிறவர்கள் இப்போது மிகப் பலர்.

இலங்கையில் கழிவு தரும் தனியார் அமைப்புகளின் வகை மிகக் குறுகியது. நோயாளரையும் வறியவரையும் இல்லங்களில் வைத்துப் பராமரிப்பதற்கென அங்கீகாரம் பெற்ற தரும நிறுவனத்துக்குப் பணமாகக் கொடுத்தால் கழிவு உண்டு. தனிநபருக்கு வரிக்குரிய வருமானத்தின் மூன்றில் ஒரு பங்கு, அல்லது 75,000 ரூபாய், இவற்றில் குறைந்ததுதான் வரம்பு. நிறுவனங்களுக்கு ஐந்தில் ஒரு பங்கு அல்லது 5 இலட்சம். அரசுக்கோ உள்ளூராட்சி சபைக்கோ பல்கலைக்கழகத்துக்கோ கொடுத்தால் இந்தத் தொகை வரம்பு இல்லை. அரசின் கைக்குப் போகும் கொடைக்குத் தாராளம், அயலவரின் கைக்குப் போகும் கொடைக்குக் கஞ்சத்தனம். முதியோர் இல்லத்துக்கு 2 இலட்சம் கொடுத்தவருக்கும் 75,000 ரூபாய்க்குத்தான் கழிவு. ஏழைப் பிள்ளைகளின் படிப்புக்குக் கொடுத்தவருக்கு அதுவும் இல்லை.

கடல் கடந்து வரும் பணம்

புலம்பெயர்ந்த தமிழர் இரு நாட்டுக்கும் கொடுக்கிறார்கள். இந்திய அமைப்பு வெளிநாட்டுக் கொடை பெற, 2010ஆம் ஆண்டு வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ வேண்டும். 2020ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் அந்தப் பணம் புதுதில்லியிலுள்ள ஸ்டேட் வங்கியின் ஒரே கிளைக்குத்தான் முதலில் வர வேண்டும். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் தன் சேமிப்பிலிருந்து கொடுத்தால் இது பொருந்தாது. கனடியக் குடியுரிமை பெற்ற தமிழர் கொடுத்தால் பொருந்தும். இலங்கையில் இப்படி ஒரே வங்கிக் கட்டாயம் இல்லை. அரசசார்பற்ற நிறுவனங்களுக்கான தேசிய செயலகத்தின் பதிவும் கண்காணிப்பும், மேலே சொன்ன 3 வீதக் கணக்கும்தான் கடிவாளம்.

இரண்டும் திருந்த வேண்டிய இடம்

இந்தியச் சட்டம் விலக்கைத் தாராளமாகக் கொடுத்துவிட்டு அதைக் காகிதங்களால் சுற்றிக் கட்டுகிறது. பெரிய அறக்கட்டளைக்கு ஆடிட்டர் இருக்கிறார். ஒரு கிராமத்து நூலகச் சங்கம் படிவம் தவறிய ஒரே காரணத்தால் விலக்கை இழப்பது அநியாயம். சிறியவர்களுக்குச் சுருக்கமான ஒரே படிவம் போதும்.

இலங்கை திருத்த வேண்டியது தொகையையும் வகையையும். 2022இல் ரூபாயின் பெறுமதி சரிந்த பிறகு 75,000 என்பது பழைய 75,000 அல்ல. ஏழைகளின் கல்வி, நூலகம், மாற்றுத்திறனாளிகளின் தொழிற்பயிற்சி ஆகியவற்றுக்குத் தரும் கொடையையும் கழிவுக்குள் கொண்டுவர வேண்டும். அரசு தன்னால் எட்ட முடியாத இடத்தில் மக்கள் செய்யும் வேலைக்குக் கொடுக்கும் மரியாதை அது.

அமைப்புகளுக்கும் கடமை உண்டு. விலக்கப்பட்ட ஒவ்வொரு ரூபாயும் அரசு வேறு ஒருவரிடமிருந்து வசூலித்து ஈடுசெய்யும் ரூபாய். ஆகவே அது பொதுப்பணம். வரித் துறைக்கு அனுப்பும் கணக்கை ஊர் படிக்கும் மொழியில் அறிவிப்புப் பலகையில் ஒட்டச் சட்டம் கட்டாயப்படுத்தாவிட்டாலும், ஒட்டுவது கொடுத்தவருக்கும் பெற்றவருக்கும் செய்யும் நியாயம். பணம் கொடுப்பவர்கள் அந்த மூன்று கேள்விகளையும் கூச்சமின்றிக் கேளுங்கள். நேர்மையாக நடக்கும் அமைப்பு அவற்றுக்குச் சான்றிதழ்களோடு பதில் சொல்லும்.