ஒரு குடும்பப் பெண்ணின் இரண்டாவது தொழில்

சித்திரக் கதைகளைப் பற்றி எனக்கு உயர்ந்த அபிப்பிராயம் இருந்தது கிடையாது. ரயில் பிரயாணத்தில் பக்கத்து ஸீட்டுப் பையனிடம் இரவல் வாங்கிப் புரட்டுவதோடு சரி. சென்ற மாதம் ஒரு நண்பர் 'லேடி கில்லர்' என்ற அமெரிக்கச் சித்திரக் கதைப் புத்தகத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். "நீர் குடும்பக் கதை எழுதுகிறவராயிற்றே, இதையும் படித்துப் பாரும்" என்றார். கிண்டலாகத்தான் சொன்னார். படித்து முடித்தபோது அந்தக் கிண்டலில் நியாயம் உண்டு என்று பட்டது.

2015-ல் டார்க் ஹார்ஸ் என்ற பிரசுரத்தார் ஐந்து இதழ்களாக வெளியிட்ட கதை இது. ஜோயெல் ஜோன்ஸ் என்ற பெண்மணி படம் வரைந்து, ஜேமி எஸ். ரிச் என்பவரோடு சேர்ந்து எழுதியிருக்கிறார். வர்ணம் தீட்டியவர் லாரா ஆல்ரெட். ஆங்கிலத்தில் 'லேடி கில்லர்' என்றால் பெண்களை மயக்குகிற ஆண்பிள்ளை என்று அர்த்தம். இங்கே கொலை செய்கிறவளே லேடி.

கதை நடப்பது 1962-ல், ஸியாட்டில் நகரத்தில். ஜோஸி ஷுல்லர் என்பவள் கணவன், இரண்டு பெண் குழந்தைகள், மாமியார் ஆகியவர்களோடு குடித்தனம் நடத்துகிறாள். வீடு பளிச்சென்று இருக்கிறது. வேளா வேளைக்குச் சாப்பாடு மேஜைக்கு வந்துவிடுகிறது. நடுநடுவே அவள் வெளியே போய், கூலிக்கு யாரையாவது தீர்த்துக் கட்டிவிட்டுத் திரும்பி வருகிறாள். முதல் காட்சியிலேயே, வீடு வீடாகப் போய் அழகுப் பொருள்கள் விற்கும் ஏவான் கம்பெனிப் பெண்ணாக ஒரு வீட்டுக் கதவைத் தட்டுகிறாள். கதவைத் திறந்த வீட்டுக்காரி உயிரோடு மிஞ்சவில்லை.

வெறும் விகடம்தானே என்று கேட்கலாம். வெறும் விகடமாக இருந்தால் பத்துப் பக்கத்தில் அலுத்துப் போயிருக்கும். எனக்கு அலுக்கவில்லை. காரணம், ஜோஸி போடுகிற வேஷம் உண்மையில் வேஷமே இல்லை. கையில் சாமான் பையும் முகத்தில் புன்னகையுமாக ஒரு பெண் வாசலில் நின்றால், அவள் யார், எதற்கு வந்தாள் என்று யாரும் யோசிப்பதில்லை. வீட்டில் அவளுடைய கதியும் அதேதான். கறை தெரியாமல் துடைப்பது, சத்தமில்லாமல் காரியத்தை முடிப்பது, களைப்பைக் காட்டிக்கொள்ளாமல் இருப்பது: இந்தத் தொழிலுக்கு வேண்டிய சாமர்த்தியம் அத்தனையையும் அவள் குடும்பம் நடத்தியே கற்றுக்கொண்டிருக்கலாம். ஜோன்ஸ் அம்மையார் பாவாடை மடிப்பையும், ஜன்னல் திரையையும், தரையில் தெறித்த ரத்தத்தையும் ஒரே அக்கறையோடு வரைகிறார். அட்டைப் படங்கள் அந்தக் காலத்துப் பத்திரிகை விளம்பரங்களைப் போலவே இருக்கின்றன. உற்றுப் பார்த்தால்தான் விபரீதம் தெரிகிறது.

கணவன் ஜீன் கெட்டவன் அல்ல. அன்பானவன், பெண்டாட்டியை நம்புகிறவன். அந்த நம்பிக்கையிலேயே அவன் ஒரு கேள்வியும் கேட்பதில்லை. மாமியார் கிழவி அப்படி அல்ல. ஜெர்மனியிலிருந்து வந்தவள், மருமகளைக் கண்டாலே ஆகாது. ஜோஸிக்கு வேலை கொண்டுவரும் பெக் என்ற ஆசாமியைப் பற்றி அவளுக்குச் சந்தேகம் உண்டு. அவள் சந்தேகிக்கிற விஷயம் வேறு, நடக்கிற விஷயம் வேறு. ஆனாலும் அந்த வீட்டில் ஜோஸியை நிமிர்ந்து பார்க்கிற ஒரே ஜீவன் அவள்தான். நேசிக்கிறவன் பார்க்கவில்லை, வெறுக்கிறவள் பார்க்கிறாள். மாமியார்-மருமகள் விவகாரத்தை அத்தியாயம் அத்தியாயமாக எழுதித் தள்ளியவன் நான்; இந்த உண்மை எனக்குத் தட்டுப்பட்டதில்லை.

1963-ல் பெட்டி ஃப்ரீடன் என்ற அமெரிக்க அம்மையார் ஒரு புத்தகம் எழுதினார். நல்ல வீடும் நல்ல கணவனும் குழந்தைகளும் இருந்தும் இந்தப் பெண்களுக்கு ஏன் நிம்மதி இல்லை என்று கேட்ட புத்தகம் அது. ஜோஸியின் கதை அதற்கு முந்தைய ஆண்டில் நடப்பதாக வைத்திருப்பது தற்செயலாக எனக்குத் தோன்றவில்லை. ஆனால் ஜோஸி ஜன்னலோரம் நின்று பெருமூச்சு விடுகிறவள் அல்ல. அவளுக்கு வீடும் வேண்டும், தொழிலும் வேண்டும். இரண்டிலும் அவளுக்குக் கர்வம் உண்டு. கண்ணீர் இல்லாத இந்தக் கதாநாயகி எனக்குப் புதியவள்.

குறையையும் சொல்லிவிட வேண்டும். ஒரு குழந்தையைக் கொல்லச் சொல்லும்போது ஜோஸி பின்வாங்குகிறாள். எஜமானர்கள் அவள்மேலேயே பாய்கிறார்கள். அப்புறம் கதை துரத்தலும் அடிதடியுமாகி, அந்த வருஷம் ஸியாட்டிலில் நடந்த உலகப் பொருட்காட்சியில் போய் முடிகிறது. விறுவிறுப்புக்குக் குறைவில்லை. ஆனால் ஆசிரியர்கள் பயந்துவிட்டார்கள் என்பது என் அபிப்பிராயம். 'குழந்தையைத் தொடமாட்டாள், ஆகவே நல்லவள்' என்று நமக்குச் சமாதானம் சொல்லிவிடுகிறார்கள். காலையில் அந்நியர் ஒருவரின் உயிரை வாங்கிய கை மாலையில் குழந்தைக்குச் சோறு போடுகிறதே, அந்தக் கைக்குச் சொந்தக்காரி மனசில் என்ன ஓடுகிறது? அந்த வாசற்படிவரை அழைத்துப் போய்விட்டுக் கதவைச் சாத்திவிடுகிறார்கள். 2016-ல் தொடங்கிய இரண்டாம் பாகத்தை ஜோன்ஸ் தனியாகவே எழுதினார். குடும்பம் ஃப்ளாரிடாவுக்குக் குடிபெயர்கிறது; டப்பர்வேர் டப்பா விற்கும் விருந்துகளுக்கு நடுவே தொழிலும் நடக்கிறது. ரத்தம் அதிகம். அந்தக் கதவு மட்டும் திறக்கவில்லை.

இதைக் குறை என்று சொல்ல எனக்கு யோக்யதை உண்டா என்று யோசித்தேன். என் நாவல்களில் எத்தனையோ பெண்கள் கூடத்தில் காப்பியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போயிருக்கிறார்கள். போய் என்ன செய்தார்கள் என்று நான் பின்னோடு போய்ப் பார்த்ததில்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள் என்று ஒரு வரி எழுதிவிட்டுக் கூடத்துப் பேச்சுக்குத் திரும்பிவிடுவேன். வாசகர்களும் ஆட்சேபித்ததில்லை. ஜீனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே படித்து வந்த நான், பாதிப் புத்தகத்துக்குமேல் அவனைப் பார்த்துச் சிரிப்பதை நிறுத்திவிட்டேன்.