வண்ணமும் மெய்ப்பாடும்

செம்மை சினமூட்டும், பசுமை அமைதி தரும் என்னும் வாய்பாடு இலக்கியத் திறனாய்வுக்குப் போதாது. பத்துமலையின் 272 படிகள் 2018இல் பலவண்ணம் பூண்டபோது, அதே வண்ணங்கள் சிலர்க்குக் களிப்பையும் வேறு சிலர்க்கு மனக்குறையையும் அளித்தன.

வடமொழி நாட்டிய சாத்திரம் சுவைதோறும் ஒரு நிறம் வகுத்தது. வெகுளிக்குச் செம்மை, அச்சத்திற்குக் கருமை. தொல்காப்பியரோ எண்வகை மெய்ப்பாட்டிற்கும் அவை பிறக்கும் நிலைக்களன்களையே கூறினார்; நிறம் வகுத்தாரல்லர்.

திருக்குறளின் 'பசப்புறு பருவரல்' அதிகாரம் இதனினும் நுட்பமானது. அங்கே பிரிவுத்துயரே தலைவியின் மேனியில் பசலையாய்ப் படர்கிறது. பின்னர் அந்நிறமே அவள் துயரை மிகுவிக்கிறது. நிறத்தின் ஆற்றல் அது நினைவூட்டும் வாழ்விலேயே உள்ளது.

ஆதலின், கவிதையில் ஒரு நிறத்தைக் காணும் மாணாக்கர், 'எந்நிறம்?' என்பதோடு நில்லாது, 'யார் கண்ணில், எந்நிலையில்?' என வினவுதல் வேண்டும்.