பட்டியலில் இருந்த பெயர்கள்

ஆசிரியப் பயிற்சி பெற்ற யாரையாவது கேட்டுப் பாருங்கள். 'பிக்மேலியன் விளைவு' என்று ஒன்றைச் சொல்வார். ஆசிரியர் நம்பினால் மாணவன் உயர்வான் என்பதே அதன் சாரம். ராபர்ட் ரோசந்தாலும் லெனோர் ஜேக்கப்சனும் 1968-இல் வெளியிட்ட 'வகுப்பறையில் பிக்மேலியன்' என்ற நூல் பரப்பிய செய்தி அது.

கலிபோர்னியாவில் ஒரு தொடக்கப் பள்ளி. 1964-இல் பிள்ளைகளுக்கு நுண்ணறிவுத் தேர்வு வைத்தார்கள். பிறகு சுமார் 20 விழுக்காட்டினரின் பெயர்களை ஆசிரியர்களிடம் கொடுத்து, இவர்கள் இவ்வாண்டு விரைவாக முன்னேறுவார்கள் என்றார்கள். உண்மையில் அவை குலுக்கி எடுத்த பெயர்கள்! ஆண்டு முடிவில், முதல் வகுப்பில் பட்டியல் பிள்ளைகளின் நுண்ணறிவு ஈவு சராசரியாக 27 புள்ளி கூடியிருந்தது. மற்றவர்களுக்கு 12 தான்.

வகுப்பில் சொல்லித் தருவது இத்துடன் நின்றுவிடும். மூன்றாம் வகுப்பு முதல் மேலே, ஏறக்குறைய வேறுபாடே இல்லை. ராபர்ட் தார்ன்டைக் அதே ஆண்டு எழுதிய மதிப்புரையில் தேர்வையே குறை கூறினார். ஒரு வகுப்பில் பகுத்தறிதல் பகுதியின் சராசரி ஈவு வெறும் 31! கோளாறு பிள்ளைகளிடம் இல்லை, அளவுகோலில். பட்டியலில் யார் யார் இருந்தார்கள் என்பதைக்கூட ஆசிரியர்களால் சரியாக நினைவுகூர முடியவில்லை.

அப்படியானால் நூலைத் தூக்கி எறியலாமா? அவசரப்படாதீர்கள். 1984-இல் ஸ்டீபன் ராடன்புஷ் இத்தகைய 18 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தார். பிள்ளைகளோடு இரண்டு வாரத்துக்கு மேல் பழகிவிட்ட ஆசிரியரிடம் பொய்த் தகவல் பலிக்கவில்லை. அவ்வளவு பழகாதவரிடம் பலித்தது. ஆக, முகம் பழகுமுன் ஆசிரியர் மனத்தில் இருக்கும் கருத்துக்கே வலிமை. அக்கருத்து வீட்டிலிருந்தும் சாதியிலிருந்தும் வருகிறது. ஆசிரியருக்கு ஆசிரியராக இருப்பவரிடமிருந்தும் வருகிறது. இதைப் பற்றி நூல் போதிய அளவு பேசவில்லை. என் பெரிய குறை அதுதான்.

இன்னொன்று. எந்தப் பிள்ளையையும் தேறாதவன் என்று சொல்லி அவர்கள் சோதிக்கவில்லை. அது அறமல்ல என்று தவிர்த்தார்கள். சரியான முடிவு.

என் கற்பித்தல் பயிற்சியின் முதல் நாள், மேற்பார்வையிட வந்த விரிவுரையாளர் காதோடு சொன்னார்: "கடைசி பெஞ்சை விட்டுடுங்க, நேரம் வீணாகும்." நல்ல மனிதர். எல்லாப் பிள்ளைக்கும் சமவாய்ப்பு என்று முந்தின வாரம் ஒரு மணி நேரம் பாடம் நடத்தியவரும் அவரே. அந்தப் பாடத்தைத் தேர்வில் எழுதினேன்; காதில் சொன்னதை வகுப்பில் செய்தேன். அந்த பெஞ்சில் ஐந்து பிள்ளைகள். நாற்பது நாளில் ஒருவரிடமும் நான் ஒரு கேள்வி கேட்கவில்லை.