சுண்ணாம்பு வட்டமும் நம் வழக்குகளும்

ஜெர்மானிய நாடகாசிரியர் பெர்டோல்ட் பிரெக்ட் 1944-இல் எழுதிய "காக்கேசியச் சுண்ணாம்பு வட்டம்" உலகம் போற்றும் நாடகமாகும். போற்றுவோர் போற்றுக. பிள்ளை யாருக்கு என்னும் வழக்கைத் தீர்க்க அது காட்டும் வழி தோட்டத்திலும் பட்டணத்திலும் வாழும் நமக்குப் பொருந்துமா என்பதே இங்கு ஆராயத்தக்கது.

கதை இதுதான். கலகத்தில் ஆளுநர் கொல்லப்படுகிறார். ஆடைகளைப் பொறுக்குவதிலேயே கருத்தாயிருந்த அவர் மனைவி, கைக்குழந்தையை விட்டு ஓடுகிறாள். குரூஷா என்னும் வேலைக்காரப்பெண் அதனை எடுத்துப் பெரும்பாடுபட்டு வளர்க்கிறாள். சொத்து பிள்ளையின் பேரில் இருப்பதால் ஈன்றவள் திரும்பிவந்து வழக்கிடுகிறாள். நீதிபதி அஸ்தாக் வட்டம் வரையச் செய்து, நடுவே பிள்ளையை நிறுத்தி, இருவரையும் ஆளுக்கொரு கை பற்றி இழுக்கச் சொல்கிறான். பிள்ளைக்கு நோகுமென்று குரூஷா இருமுறையும் கையை விடுகிறாள். பிள்ளை அவளுக்கே என்று தீர்ப்பாகிறது.

இது பழங்கதையின் புதுவடிவம். விவிலியத்தில் சாலமோன் வாள் கேட்டான். ஜாதகக் கதையில் மகோசதன் தரையில் கோடு கிழித்தான். சீனத்து லீ சிங்தாவ் யுவான் காலத்திலேயே வட்டத்தை நாடகமாக்கினார். அவற்றிலெல்லாம் விட்டுக்கொடுத்தவள் பெற்ற தாய். பிரெக்டின் நாடகத்திலோ வளர்த்தவள். இரத்த பாத்தியதையினும் பேணிய கை பெரிதென்று துணிந்து கூறியது அவர் பெருமை. பிள்ளை தகப்பன் உடைமை என்று பேசுவோர் இதனை அவசியம் படித்தல் வேண்டும். இங்கிலாந்திலும் ஏழு வயதுக்குட்பட்ட பிள்ளையைக் கேட்டு மனுச் செய்யும் உரிமையைத் தாய்க்கு அளித்தது 1839-ஆம் ஆண்டுச் சட்டமே அன்றோ!

ஆயினும் குறைகள் உள. முதலாவது, நாடகத்தில் ஒருத்தி நல்லவள், மற்றவள் பேராசைக்காரி. நம் வழக்குகளிலோ பெரும்பாலும் இருவரும் உண்மைப் பெற்றோர். இருவர்க்கும் அன்புண்டு, குறையும் உண்டு. இரண்டாவது, ஒரு நொடிச் சோதனை பல்லாண்டு வளர்ப்பை அளக்கமாட்டாது. கதை ஊரறிந்தபின் பொய்யானவளும் கையை விட்டுக்காட்டக் கற்றுக்கொள்வாள்.

மூன்றாவது குறையே பெரிது. கையை விட்டவர் வெல்வது மேடையில்தான். மலேசியாவில் முஸ்லிமல்லாதார்க்குரிய 1976-ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சட்டத்தின் 88-ஆம் பிரிவைப் பாருங்கள். பிள்ளையின் நலமே முதன்மை. அதற்குட்பட்டே பெற்றோர் விருப்பமும், சொந்தமாய்க் கருத்துரைக்கும் வயதுடைய பிள்ளையின் விருப்பமும் கருதப்படும். ஏழு வயதுக்குட்பட்டது தாயிடம் இருப்பதே நலமென்று சட்டம் அனுமானிக்கிறது. ஆனால் அந்த அனுமானத்தை எதிர்த்தரப்பு முறியடிக்கலாம். இருக்கும் இடத்தினின்று பிள்ளையைப் பெயர்த்து அதன் வாழ்வைக் கலைப்பது தகாதென்பதையும் நீதிமன்றம் கருதவேண்டும். விளைவு யாது? அடிபொறுக்காமல் நள்ளிரவில் லயத்தை விட்டோடிய பெண், பிள்ளை தூங்கட்டும் என்று விட்டுச் சென்றிருப்பாள். மாதங்கள் கழித்து அவள் மனுச் செய்யும்போது, பிள்ளை தகப்பன் வீட்டில், பழகிய பள்ளியில் இருக்கும். நாடகத்தில் அவளை வாழ்விக்கும் இரக்கமே இங்கு அவளுக்கு எதிராய் எண்ணப்படலாம். ஆதலின் அத்தகையோர் நாள் கடத்தாது சட்ட உதவித் துறையை நாடுதல் வேண்டும். அவர்களுக்கு இதனை எடுத்துரைப்பது படித்தவர் கடமை.

ஒன்றில் சட்டம் நாடகத்தை மிஞ்சுகிறது. அஸ்தாக் தீர்ப்புக் கூறியதும் மறைந்துவிடுகிறான். நம் நீதிமன்றமோ, பிள்ளையைப் பெறாத பெற்றவர் வந்து காணவும் உடனிருக்கவும் நாளும் முறையும் வகுக்கலாம். நிலைமை மாறினால் கட்டளையையும் மாற்றலாம். உடன்பிறந்தார் பலராயின் ஒவ்வொருவர் நலத்தையும் தனித்தனியே நோக்கவேண்டும்.

வட்டத்தின் நடுவே நின்ற சிறுவன் மைக்கேலிடம் எவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதனைக் கேட்கச் சட்டம் இடம் வைத்திருக்கிறது. பிரிந்து நிற்கும் பெற்றோர், நீதிமன்றத்துக்குப் போகுமுன் தம் வீட்டிலேயே அதனைக் கேட்கட்டும்; ஆனால் ஒருவர்மேல் ஒருவர் பழிசொல்லிக்கொண்டு கேட்கவேண்டாம்.