செபாங் மழையும் நான்கு மணிப் பந்தயமும்

2012 மார்ச் 25. மலேசியாவின் செபாங் தடத்தில் கொட்டும் மழை. ஒன்பதாவது சுற்றில் சிவப்புக் கொடி காட்டி ஃபார்முலா ஒன் பந்தயத்தை நிறுத்தியபோது, பத்தாவது இடத்தில் இருந்தது ஹெச்.ஆர்.டி. அணியின் கார் ஒன்று. ஓட்டியவர் கோயம்புத்தூர்க்காரர் நரேன் கார்த்திகேயன். ஒரு வாரத்துக்கு முன் மெல்பர்னில் அந்த அணியின் இரண்டு கார்களுக்கும் பந்தயத்தில் சேரவே தகுதி கிடைக்கவில்லை. முதல் தகுதிச் சுற்றில் எடுக்கப்பட்ட மிகக் குறைந்த நேரத்தின் 107 விழுக்காட்டுக்குள் ஓட்டி முடிக்க வேண்டும் என்பது விதி. அதற்குக்கூட அந்தக் காருக்கு வேகம் போதவில்லை. அதே கார் செபாங்கில் கடைசி வரிசையில் புறப்பட்டு, ஒரு புள்ளி கிடைக்கக்கூடிய இடத்தில் வந்து நின்றது.

காரணம் டயர்தான். புறப்படும்போது லேசான ஈரம். மற்ற அணிகள் இடைநிலை டயரோடு கிளம்பின. ஹெச்.ஆர்.டி. முழு மழை டயரைப் போட்டது. வேகமான கார் வைத்திருப்பவர்கள் அப்படிச் சூதாடத் தேவையில்லை. கடைசியில் நிற்பவனுக்கு இழக்க என்ன இருக்கிறது? ஓரிரு சுற்றுகளில் மழை வலுத்தது. மற்றவர்கள் டயர் மாற்ற ஒருவர் பின் ஒருவராகப் பிட்டுக்குள் நுழைய, கார்த்திகேயன் நிற்காமல் ஓடி முன்னேறினார். முதல் சுற்று முடிந்ததுமே டயரை மாற்றிக்கொண்ட சாபர் அணியின் செர்ஜியோ பெரெஸும் மேலே வந்தார்.

ஐம்பது நிமிடம்போல நின்ற பந்தயம், எல்லாரையும் மெதுவாக வழிநடத்தும் பாதுகாப்பு காரின் பின்னே மறுபடி தொடங்கியது. எல்லாருக்கும் ஒரே வகை டயர். அவ்வளவுதான், ஹெச்.ஆர்.டி.யை மற்ற கார்கள் விழுங்கிவிட்டன. பிறகு ஜென்சன் பட்டன் அந்தக் காரில் மோதித் தன் முன் இறக்கையை உடைத்துக்கொண்டார். செபாஸ்டியன் வெட்டல் உரசி டயர் கிழிந்து, புள்ளியில்லாமல் 11ஆவதாக முடித்தார். அந்தக் கோபத்தில் கார்த்திகேயனை வாய்க்கு வந்தபடி பேசினார். நடுவர்கள் 20 நொடி தண்டனை கொடுத்தது கார்த்திகேயனுக்கு. முந்திப் போகிறவனுக்கும் இடம் பார்த்துப் போகும் பொறுப்பு உண்டு என்று நினைக்கும் எனக்கு அது கடுமையான தீர்ப்பாகவே படுகிறது. வென்றவர் ஃபெர்னாண்டோ அலோன்சோ. பெரெஸ் சுமார் 2 நொடி பின்தங்கி இரண்டாவது.

மழை வந்தால் பணக்கார அணியும் ஏழை அணியும் ஒன்று, ஓட்டுநரின் கை மட்டுமே பேசும் என்று ரசிகர்கள் சொல்வார்கள். செபாங் இதற்குச் சாட்சி சொல்வது போலத்தான் தெரிகிறது. பாதி உண்மை. 1968இல் நூர்பர்க்ரிங் தடத்தில் மழையிலும் மூடுபனியிலும் ஜாக்கி ஸ்டூவர்ட் நான்கு நிமிடத்துக்கும் மேலான இடைவெளியில் வென்றார், அதுவும் அடிபட்ட மணிக்கட்டோடு. ஆனால் அவர் காரில் இருந்த டன்லப் மழை டயர்கள் அன்றைக்கு மற்றவற்றைவிட நன்றாகப் பிடித்தன. 1993 டொனிங்டனில் முதல் சுற்று முடிவதற்குள் ஐந்தாவது இடத்திலிருந்து முதலிடத்துக்கு வந்த அயர்டன் சென்னாவின் மெக்லாரனில், சக்கரம் வழுக்காமல் பார்த்துக்கொள்ளும் மின்னணு ஏற்பாடு இருந்தது. அவர்கள் திறமையைக் குறைத்துச் சொல்ல இதைச் சொல்லவில்லை. மழை எந்திரத்தை ஒதுக்கிவைப்பதில்லை. குதிரைத்திறனுக்கு இருந்த மதிப்பை டயருக்கும் நேரக் கணிப்புக்கும் மாற்றிக் கொடுக்கிறது. சின்ன அணிக்கு அந்த இடைவெளியில் ஒரு வாய்ப்பு கிடைக்கிறது. பெரும்பாலும் ஒரு சில அணிகளே மேடையேறும் ஆட்டத்தில் அதுவும் பெரிய விஷயம்தான். மழைப் பந்தயம் வேண்டும் என்பவர்கள் பக்கம் உள்ள நியாயம் இவ்வளவு.

எதிர்ப்பக்கத்து நியாயம் கண் சம்பந்தப்பட்டது. சக்கரம் மூடப்படாத இந்தக் கார்களில் முழு மழை டயர் ஒன்று 300 கிலோமீட்டர் வேகத்தில் நொடிக்கு 85 லிட்டர் தண்ணீரை வாரி வீசும் என்று டயர் தயாரிக்கும் பிரெல்லி நிறுவனம் சொல்கிறது. காரின் அடிப்பகுதியில் சீறிப் பாயும் காற்று அந்தத் தண்ணீரை உறிஞ்சி மேலே தூக்குகிறது. பின்னால் வருகிறவருக்கு வெள்ளைச் சுவர் ஒன்றுதான் தெரியும். முன்னால் உள்ள காரின் சிவப்பு விளக்குகூடத் தெரியாது. சக்கரத்துக்கு மூடி போட்டுப் பார்க்கலாம் என்று 2023லும் 2024லும் சோதித்தார்கள். பெரிதாகப் பலன் இல்லை. ஆக, தடம் ஓட்டத் தகுந்த ஈரத்தில் இருந்தாலும் பார்வை இல்லாததால் பந்தயம் நிற்கிறது. முழு மழை டயர் தேவைப்படும் அளவுக்கு மழை பெய்தால் ஓட்ட விடுவதில்லை. ஓட்ட விடும்போது இடைநிலை டயரே போதுமாகிவிடுகிறது.

இதன் கேலிக்கூத்தான உச்சம் 2021 ஆகஸ்ட் 29, பெல்ஜியத்தின் ஸ்பா. மணிக்கணக்கில் நனைந்து காத்திருந்த கூட்டத்துக்கு, பாதுகாப்பு காரின் பின்னே ஊர்வலமாகச் சில சுற்றுகளைக் காட்டி, பந்தயம் நடந்ததாக அறிவித்துப் பாதிப் புள்ளி கொடுத்தார்கள். அடுத்த ஆண்டே விதியைத் திருத்த வேண்டி வந்தது: பாதுகாப்பு கார் இல்லாமல் இரண்டு சுற்றாவது ஓடினால்தான் புள்ளி.

இருந்தாலும், நிறுத்துகிறவர்களைக் கோழைகள் என்று திட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. 2014 அக்டோபர் 5 அன்று ஜப்பானின் சுசுகாவில், புயல் நெருங்கிக்கொண்டிருந்த மழையில், மங்கிய வெளிச்சத்தில், வழுக்கிய ஜூல் பியாங்கியின் கார், வேறொரு காரைத் தூக்கிக்கொண்டிருந்த மீட்பு வண்டியில் மோதியது. ஒன்பது மாதம் நினைவு திரும்பாமலே கிடந்து 2015 ஜூலையில் இறந்தார், வயது 25.

அந்த விபத்தை ஆராய்ந்த குழு சொன்னவற்றில் பலரும் நினைவில் வைத்திருப்பது, விபத்து நேரத்தில் எல்லாக் கார்களையும் மெதுவாக்கும் ஏற்பாட்டை. அதே அறிக்கையில் இன்னும் இரண்டு பரிந்துரைகள் உண்டு. இரவுப் பந்தயம் தவிர மற்றவை சூரியன் மறைய நான்கு மணி நேரத்துக்கு முன்னதாகவாவது தொடங்க வேண்டும். அந்தந்த ஊரின் மழைக்காலத்தைக் கூடியவரை தவிர்த்துத் தேதி குறிக்க வேண்டும். மழைப் பந்தயத்தின் உண்மையான கோளாறு இங்கேதான் இருக்கிறது என்பது என் முடிவு.

செபாங்கில் பிற்பகலில் இடி மழை வரும் என்பது அந்த ஊர்ப் பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். ஆனாலும் ஐரோப்பியர்கள் காலையில் எழுந்து தொலைக்காட்சி பார்க்க வசதியாக 2009இல் மாலை 5 மணிக்குத் தொடங்கினார்கள். மழை வந்தது, 56 சுற்றில் 31உடன் நின்றது, மறுபடி தொடங்க வெளிச்சம் இல்லை, பாதிப் புள்ளி. பட்ட பிறகு ஒரு மணி நேரத்தை மட்டும் முன்னுக்கு இழுத்தார்கள். 2012இல் கார்த்திகேயன் நனைந்தது அந்த நான்கு மணிப் பந்தயத்தில்தான்.

நம் ஊர்க் கதையும் வேறல்ல. சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி 3.5 கிலோமீட்டர் தெருத் தடத்தில் ஃபார்முலா 4 பந்தயத்தை முதலில் 2023 டிசம்பர் 9, 10 தேதிகளில் வைத்தார்கள். வடகிழக்குப் பருவமழை நடுவில்! மிக்ஜாம் புயல் வந்து நகரமே மிதந்தது, பந்தயம் தள்ளிப்போனது. 2024 ஆகஸ்ட் 31இல் மறுபடி ஏற்பாடு செய்தால் அன்றும் மழை. தடத்தைச் சோதித்து உலக மோட்டார் கூட்டமைப்பின் சான்று வாங்குவது மாலை வரை இழுத்தது. அதற்காக உயர் நீதிமன்றம் விதித்திருந்த கெடுவை நீட்டிக்க வேண்டியிருந்தது. பந்தயங்கள் மறுநாள்தான் நடந்தன. இரவில், மின்விளக்கில், இரு பக்கமும் தடுப்புச் சுவர் நெருக்கும் தெருவில் தண்ணீர்த் திரையும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை ஏற்பாட்டாளர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

எங்கள் சேவுகம்பட்டிப் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில் யாரும் ஜல்லிக்கட்டு வைக்க மாட்டார்கள். மழை ஓய்ந்து தை பிறந்த பிறகுதான் வாடிவாசல் திறக்கும். காளைக்கும் வீரனுக்கும் கால் ஊன்றத் தரை வேண்டும். 3.5 கிலோமீட்டர் தார்ச்சாலையில் பாயும் காருக்கு அது இன்னும் அதிகமாகவே வேண்டும்.

எதிர்பாராமல் வரும் மழை பந்தயத்துக்கு அழகு. அதில் ஓட்டட்டும், முடியாதபோது தயங்காமல் நிறுத்தட்டும். தெரிந்தே மழைக்குள் தேதி குறித்துவிட்டு, பிறகு வானத்தின்மேல் பழி போடுவதை ஏற்க முடியாது. சென்னையில் ஜனவரி முதல் ஏப்ரல் வரை மழை மிகக் குறைவு. வெயிலுக்கு இரவுப் பந்தயமே மருந்து. அடுத்த முறை தெருப் பந்தயத்துக்கு நாள் பார்ப்பவர்கள் அந்த நான்கு மாதத்துக்குள் பார்க்கட்டும்.